வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று நாற்பது

அண்ணா,

நேற்றுக் காலை நீ குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தபோது, டிவிக்கு மேலே இருக்கும் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய். அங்கே இப்போது எதுவும் இல்லை. டப்பாவை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இருந்தும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை. பார்த்துவிட்டு, பார்த்ததற்காக உன் மேலேயே கோபம் வந்தவன் போலத் துண்டை நாற்காலியில் எறிந்தாய். அதைக் கண்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளை நீ புனேவுக்குப் போகிறாய். பிள்ளை வேலைக்காக ஊரை விட்டுப் போகும்போது அம்மா சொல்ல வேண்டியது நிறைய இருக்கும். அம்மா இல்லை. அப்பாவுக்குப் பேச வராது. பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுப்பார், அதுதான் அவருடைய பேச்சு. மிச்சம் நான் இருக்கிறேன். எனக்குப் பதினெட்டு வயது, உனக்கு இருபத்து மூன்று. நான் உனக்குப் புத்தி சொன்னால் சிரிப்பாய். ஆனால் இந்த உரிமையை நீயேதான் எனக்குக் கொடுத்தாய். முதல் சம்பளம் வாங்கிய அன்று ஆபீஸ் நண்பர்களோடு குடித்துவிட்டு வந்து வாசலில் நின்றாயே, நினைவிருக்கிறதா? கதவைத் திறந்தேன். ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்து, தண்ணீர் வைத்து, எதிரில் உட்கார்ந்தேன். பாதிச் சோற்றில் நீ, "அம்மா மாதிரி முறைக்காத பாப்பா, தொண்டைக்குள்ள இறங்கமாட்டேங்குது" என்றாய். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். அதே இடத்தில் இருந்துகொண்டு நான் செய்த ஒரு தப்பையும் இதில் சொல்லியாக வேண்டும். உன் சிநேகிதர் அன்வர் அண்ணா மேல் பழி போட்டு வீட்டை விட்டு அனுப்பினாயே, அந்த விஷயம்தான். கொஞ்சம் பொறுமையாகப் படி.

டப்பா வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். நீயும் அன்வர் அண்ணாவும் அதை ஒரு குழந்தையைத் தூக்கி வருவது போலத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர், டிபன் டப்பா அளவுதான் இருந்தது. அதற்கு நோடு என்று பெயர் சொன்னாய். அப்பா புரியாமல் விழித்ததும் நீ விளக்கினாய். "ஒரு பெரிய கணக்குப் புத்தகம்னு வெச்சுக்கப்பா. அதை ஒரே ஆள் கையில குடுத்தா ஏமாத்துவான். அதனால உலகம் பூரா ஆயிரம் பேர்கிட்ட அதே புத்தகம். ஒருத்தன் தப்பா எழுதினா மத்த டப்பாவெல்லாம் ஒத்துப் பாத்து இல்லேன்னு சொல்லிடும். அப்படிப் பாத்துக்கறவங்களுக்குத் தினம் கொஞ்சம் காயின் குடுப்பாங்க." அப்பா யோசித்துவிட்டு, "அப்ப சும்மா இருக்கறதுக்குக் காசா?" என்றார். அன்வர் அண்ணா சிரித்தார். "சும்மா இல்ல சாச்சா. முழிச்சுக்கிட்டு இருக்கறதுக்கு. கூப்பிட்டப்ப ஏன்னு கேக்கறதுக்கு." காயின் வந்தால் உன் போனில் டிங் என்று சத்தம் வரும். அப்பா ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார், "முட்டை போட்டுடுச்சா?"

கூலி மட்டும் இல்லை என்பதையும் அப்போதே சொன்னாய். டப்பா வைக்க வேண்டும் என்றால் முதலில் அந்த நெட்வொர்க்கின் காயினையே வாங்கி டெபாசிட்டாகப் பூட்டி வைக்க வேண்டும். பாதி, அம்மாவின் பி.எஃப். பணம். வைட்ஃபீல்ட் ஆபீசில் பன்னிரண்டு வருடம் படிக்கட்டும் பாத்ரூமும் துடைத்ததற்கு அவள் போன பிறகு வந்தது. மீதிப் பாதி, அன்வர் அண்ணா பெரிய கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சேர்த்து வைத்தது. டப்பா நின்றுபோனால் டெபாசிட்டில் கொஞ்சம் வெட்டுவார்கள். பொய் சொன்னால் நிறைய வெட்டி வெளியே தள்ளுவார்கள். நல்லபடி நடந்தால் கூலி, இல்லையென்றால் அபராதம். அப்படி வைத்தால்தான் முகம் தெரியாதவர்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்றாய். அது நியாயமாகத்தான் எனக்கும் பட்டது.

பிறகு என் பக்கம் திரும்பி, "நாள் பூரா வீட்ல இருக்கறது நீதான் பாப்பா. இதைப் பாத்துக்கறதும் நீதான். வர்றதுல உனக்கு ஒரு பங்கு. அதை வெச்சுப் பத்தாங்கிளாஸ் பிரைவேட்டா எழுது" என்றாய். நீ சாதாரணமாகச் சொன்னாய். எனக்கு அது சாதாரணமாக இல்லை. புடவை முந்தானையில் நூல் குச்சு கட்டும் வேலைக்கு எனக்குக் கூலி வருகிறதுதான், ஆனால் அது விரலுக்குக் கிடைக்கிற கூலி. வீட்டில் இருப்பதற்கும் விழித்துப் பார்த்துக்கொள்வதற்கும் யாரும் கூலி கொடுத்து நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கும் படிக்கட்டுக்குத்தான் பணம் வந்தது, நமக்காக விழித்திருந்ததற்கு வரவில்லை. அன்றிலிருந்து டப்பாவுக்குக் கீழேயே பாய் போட்டு உட்கார்ந்து குச்சு கட்டினேன். பத்து முடிச்சுக்கு ஒரு தடவை பச்சை விளக்கைப் பார்ப்பேன். வெளியே போனால் போனில் பார்ப்பேன். டப்பா நின்றால் எனக்கும் உனக்கும் அன்வர் அண்ணாவுக்கும் மெசேஜ் வரும்படி நீ செய்து வைத்திருந்தாய்.

ஒருமுறை டப்பா ஏதோ கேட்டது. திரையில் இங்கிலீஷில் வந்தது. நான் சரி என்று அழுத்திவிட்டேன். அரை நாள் நின்றுபோனது. நீ ஆபீசிலிருந்து வந்து சரி செய்தாய். கத்தவில்லை. "படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், விடு" என்றாய். கத்தியிருக்கலாம் அண்ணா. நீ ஆறுதலாகத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளியை விட்டது உனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்த வருடத்தில்தான் என்பதையும் நீ அந்த நேரத்தில் நினைத்திருக்க மாட்டாய். நானும் சொல்லிக் காட்டுவதற்காக இப்போது எழுதவில்லை. பின்னால் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்பாய், அதற்கான பதிலில் பாதி இதுதான். அதனால் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது ஏற்பாட்டைச் செய்தீர்கள். இங்கே நம் மர்பி டவுனில் கரண்ட் போனால் பிரேசர் டவுனில் இருக்கும், அங்கே போனால் இங்கே இருக்கும். அதனால் அன்வர் அண்ணாவின் மொபைல் கடையில் ஒரு பழைய லேப்டாப்பைத் தயாராக வைத்தீர்கள். டப்பாவின் சாவியை, அதாவது அது கையெழுத்துப் போடும் ரகசிய எண்ணை, அதிலும் போட்டீர்கள். இங்கே நின்றால் அங்கே ஓடவிடலாம். நீ அன்வர் அண்ணாவிடம், "வீட்டு டப்பா செத்துடுச்சுன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் போடு. ரெண்டும் ஒண்ணா ஓடினா ஒரே சாவி ரெண்டு இடத்துல கையெழுத்துப் போட்ட மாதிரி. திருட்டுன்னு பிடிச்சுடுவான்" என்று சொன்னதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பேச்சு நடந்தபோது நான் உங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டவ் சத்தத்தில் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நிற்கக் கூடாது என்பது மட்டும்தான். ஓடுவதே கெடுதலாக முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. குச்சு கட்டிய மூன்று புடவைகளைப் பிரேசர் டவுன் பிளவுஸ் கடையில் கொடுக்கப் போயிருந்தேன். அந்தக் கடைக்காரம்மா சாப்பிடப் போயிருந்ததால் பக்கத்தில் அன்வர் அண்ணா கடையில் நின்றேன். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நல்ல நேரத்துக்கு வந்தே பாப்பா. ஜும்மாவுக்கு லேட்டாயிடுச்சு. ஷட்டரை இறக்கலாம்னு பாத்தேன். அரை மணி உக்காரு, யாராச்சும் வந்தா ஈக பர்த்தாரே, இப்ப வந்துடுவாருன்னு கன்னடத்துல சொல்லு" என்று சொல்லிவிட்டு ஓடினார். ஒரே ஒரு ஆள் வந்தார். "அவரு இல்வேனம்மா?" என்று, அவர் இல்லையா என்று கேட்டார். "ஈக பர்த்தாரே" என்றேன். அவ்வளவு பேசியதற்கே எனக்குக் கன்னம் சூடாகிவிட்டது. அவர் போனதும் என் போனில் மெசேஜ் வந்தது. டப்பா நின்றுவிட்டது.

உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பாய். அப்பா வேன் ஓட்டும்போது எடுக்க மாட்டார். அன்வர் அண்ணா மசூதியில். எனக்கு அம்மாவின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது, ஃபினாயிலில் தோல் உரிந்த கை. ஒவ்வொரு நிமிடமும் அதிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்வர் அண்ணா ஒருமுறை லேப்டாப்பைச் சோதித்துப் பார்த்தபோது எதை அழுத்தினார் என்று நான் பார்த்திருந்தேன். மூடியைத் திறந்து அதையே அழுத்தினேன். பச்சை வந்தது. அண்ணா, அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? படிக்காதவள் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். நீ கேட்டால் ஒன்றும் பெரிதாகச் சொல்லாமல் "ஆமா, நின்னுச்சு, போட்டுட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அன்வர் அண்ணா திரும்பி வந்தபோது கூடவே இரண்டு பேர் வந்தார்கள். ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. "வரேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் கரண்ட் போயிருந்தது உண்மை. யூ.பி.எஸ்.ஸில் டப்பா ஓடிக்கொண்டுதான் இருந்தது. நெட் மட்டும் சில நிமிடம் அறுந்து, தானாகவே வந்துவிட்டது. நான் அங்கே அழுத்திய நேரத்தில் இங்கேயும் டப்பா பேச ஆரம்பித்துவிட்டது. ஒரே சாவி, இரண்டு இடம். சாயங்காலத்துக்குள் டெபாசிட்டில் பெரிய பங்கை வெட்டி, நம்மைப் பொய்யர்கள் என்று எழுதி வெளியே தள்ளினார்கள். மிச்சத்தையும் மாதக்கணக்கில் எடுக்க முடியாது என்று பூட்டினார்கள். அது திறப்பதற்குள் காயினின் விலையே விழுந்துவிட்டது.

நீ வந்த வேகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்வர் அண்ணாவும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் பாயில் உட்கார்ந்து குச்சு கட்டிக்கொண்டிருந்தேன்.

"லாக்ல மணியோட பதிவாயிருக்குடா. ஒண்ணு நாப்பதுக்கு உன் கடையில ஸ்டார்ட் ஆயிருக்கு. கடையில யார் இருந்தா?"

அன்வர் அண்ணா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். "நான் போடல மச்சான்."

"அப்ப பேய் போட்டுச்சா?"

"நான் போடலைன்னு சொல்றேன்ல."

"ரெண்டு பக்கம் ஓடவிட்டா டபுளா வரும்னு பாத்திருக்கே. அதானே? அட்வான்ஸுக்கு அவசரம்."

"நக்கோ பிரபு, வேணாம். இந்த வார்த்தை மட்டும் நக்கோ."

"எங்கம்மா காசுடா அது!"

 அன்வர் அண்ணா லேப்டாப்பைப் பலகையில் வைத்துவிட்டு, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என் கையில் நூல் இருந்தது. நான் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தேன். "படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று நீ மறுபடி சொல்வாயோ என்று பயந்தேன். நீ அன்று ஆறுதலாகச் சொல்லியிருக்க மாட்டாய். அம்மா இடத்தில் இருப்பவள் அம்மா பணத்தை அழித்துவிட்டாள் என்றால் எனக்கு அப்புறம் இந்த வீட்டில் என்ன இடம் என்றும் நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். இதை எப்படிச் சொன்னாலும் நல்லதாகத் தெரியாது.

இப்போது அம்மாவைப் போல ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ லாக்கில் மணியைப் பார்த்தாய். கிழமையைப் பார்த்தாயா? வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு அன்வர் அண்ணா எங்கே இருப்பார் என்று உனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து தெரியும். ஸ்கூலில் வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய நோட்ஸையும் சேர்த்து எழுதிக் கொடுத்தது நீதான். "நான் நமாஸுக்குப் போயிருந்தேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது கடையில் யார் இருந்தார்கள் என்பதுதான். அதனால் சொல்லவில்லை. தப்பித்துக்கொள்ளும் வழி கையிலேயே இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டப்பாவுக்கு இரண்டே விஷயம்தான் தெரியும், கூலியும் அபராதமும். இரண்டு இடத்தில் கையெழுத்து விழுந்தால், போட்டவள் திருடியா பயந்தவளா என்று அது கேட்காது. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவில் அப்படித்தான் இருக்க முடியும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உனக்கு முகம் தெரியும். நீ அன்று டப்பா மாதிரியே யோசித்தாய்: கூலி இருக்கிறது, அதனால் இவன் அதற்காகத்தான் செய்திருப்பான் என்று. புனேவில் நிறைய பேரை நம்பவும் சந்தேகப்படவும் வேண்டி வரும். யாருக்கு என்ன லாபம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், அந்த ஆளை எத்தனை வருடமாகத் தெரியும் என்று ஒருமுறை கேட்டுக்கொள். எனக்குத் தெரிந்த புத்தி இந்த ஒன்றுதான். அதையும் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் என்ன ஆனது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. நீ ஆபீசுக்குப் போய்விடுவாய். டீக்கடையில் நீ ஒரு நாள் கோபத்தில் சொன்னது பரவிவிட்டது. இப்போது பிரேசர் டவுனில் பாதிப் பேர் அவரை டபுள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "இன்னா டபுள், ஒரு சிம் வாங்கினா ரெண்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நான் அதே தெருவுக்குப் புடவை கொண்டுபோகிறேன். அவர் கடை வந்ததும் எதிர்ப் பக்கம் மாறிப் போவேன். எட்டு மாதம் அப்படி நடந்திருக்கிறேன். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. அப்பா படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

இதுவரை காலையில் எழுதினேன். மடித்து உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ரயில் ஏறி, ஊர் தாண்டிய பிறகு நீ படிப்பாய், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது. பெட்டியைத் திறந்தபோது அது சரியில்லை என்று பட்டது. நீ போன பிறகு உனக்குத் தெரிந்து என்ன? அவர் இங்கே, நீ அங்கே. பெட்டியை மூடிவிட்டுப் பிரேசர் டவுனுக்கு நடந்தேன்.

கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். அன்வர் அண்ணா ஒரு போனின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா பாப்பா, இந்தப் பக்கத்துலயும் ரோடு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றார்.

"அன்னிக்கு லேப்டாப்பை நான்தான் போட்டேண்ணா."

"தெரியும்மா."

"ஏண்ணா சொல்லல?"

"சொல்லிட்டு? திட்டு வாங்கிக்கிட்டு நான் என் வீட்டுக்குப் போயிடுவேன். நீ அங்கேயே இருக்கணும்ல." திருகாணியை எடுத்து ஒரு மூடியில் போட்டார். "ஆனா கோவம் இல்லேன்னு நெனைக்காத. உன் மேல கொஞ்சம். அவன் மேல நிறைய. ரெண்டு நாள்ல அவனுக்கே தோணும்னு பாத்தேன். எட்டு மாசமாச்சு."

  அந்த வாடிக்கையாளர் குறுக்கே, "டபுள், என் போன் ஆச்சா?" என்றார். அன்வர் அண்ணா அவரைக் காட்டி, "இவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இப்ப சொன்னியே, அதை இவருக்குக் கேக்கற மாதிரி சொல்லு" என்றார்.

அண்ணா, நான் கடைக்காரர்களிடம் மீதிச் சில்லறைகூடக் கேட்டு வாங்காதவள். உனக்குத் தெரியும். சொன்னேன். பக்கத்து பிளவுஸ் கடைக்காரம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, அன்வர் அண்ணா நமாஸுக்குப் போயிருந்தபோது நான்தான் போட்டேன், அவருக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த ஆள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பணத்தை வைத்து, போனை வாங்கிக்கொண்டு, "வரேன் அன்வர் பாய்" என்று போனார்.

நான் கிளம்பும்போது அன்வர் அண்ணா தலையைத் தூக்காமலே கேட்டார், "நாளைக்கு அவனுக்கு எத்தனை மணிக்கு ட்ரெயின்?" சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. உனக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது நீ கேட்க வேண்டியது. கடை ஏழு மணி வரை திறந்திருக்கும்.

இப்போது மணி நாலு. நீ உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாய், கதவு சாத்தியிருக்கிறது. கடைசி வரிகளை நின்றுகொண்டே எழுதுகிறேன். காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உன் கதவைத் தட்டுகிறேன்.